நீலத்துக்கு அடியில் பச்சை

கேள்வி: பள்ளத்தூரில் ஒரு பழைய வீட்டைக் காலி செய்கிறார்கள். இரண்டாங்கட்டில் வெகுநாளாக நின்ற 1974 லாம்ப்ரெட்டா விலைக்கு வந்திருக்கிறது. தரகர் பளபளவென்று நீலம் அடித்து, "புதுப் பெயிண்ட் அண்ணே" என்று அதற்கும் சேர்த்து விலை சொல்கிறார். சீட்டைத் தூக்கினால் உள்ளே வெளிர் பச்சை தெரிகிறது. நீலத்தை மட்டும் எடுக்க முடியுமா? எனக்குத் தெரிந்த பெயிண்டர், ரிமூவர் போட்டு மொத்தத்தையும் எடுத்துவிட்டு அதே பச்சையைப் புதிதாக அடித்துத் தருவதாகச் சொல்கிறார்.
- தேவகோட்டை வாசகர்

பதில்: அந்த நீலத்துக்கு ஒரு ரூபாய்கூடச் சேர்த்துக் கொடுக்காதீர்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் வாங்கிப் பழகியவர் புது வார்னிஷ் மின்னும் தேக்குப் பெட்டியைக் கண்டால், முதலில் கவிழ்த்து அடிப்பக்கத்தைத்தான் பார்ப்பார். நீங்களும் அப்படியே பாருங்கள். ஸ்கூட்டரில் புதுப் பெயிண்ட் மறைப்பது பெரும்பாலும் பட்டியை, அதாவது ஒடுக்கையும் ஓட்டையையும் நிரப்பப் பூசிய பசையை. ஒரு சின்னக் காந்தத்தைத் துணியில் சுற்றி பாடி முழுக்க நகர்த்துங்கள். தகரத்தில் கவ்வும், கனமாகப் பட்டி வைத்த இடத்தில் நழுவும். ஹேண்டில் தலையும் ஹாரன் இருக்கும் முகப்புத் துண்டும் அலுமினிய வார்ப்பு, அங்கே ஒட்டாது. அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

அப்புறம், மேலே அடித்திருப்பது என்ன பெயிண்ட் என்று தெரிய வேண்டும். தரகரிடம் சொல்லிவிட்டு, சைடு பேனலைக் கழற்றி, உள்மடிப்பில் நீலம் பட்ட ஓர் இடத்தில் ஐந்து ரூபாய் நாணய அளவுக்கு மட்டும் சோதியுங்கள். வெள்ளைப் பனியன் துணியை என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) தின்னரில் நனைத்து, பத்து விநாடி அழுத்தித் துடைக்க வேண்டும். துணியில் நீலம் வழித்துக்கொண்டு வந்தால் அது என்.சி. பெயிண்ட். உங்களுக்கு அதிர்ஷ்டம். என்.சி. எத்தனை வருடமானாலும் தின்னரில் கரையும். அடியில் இருக்கும் பச்சை, அதாவது கம்பெனிப் பெயிண்ட், பெரும்பாலும் சூட்டில் வாட்டி இறுக வைத்த எனாமல். அது அவ்வளவு சீக்கிரம் அசையாது. துணியில் பச்சையும் சேர்ந்து வந்தால் மட்டும் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

"அசையாது" என்று நம்பி நான் ஒருமுறை தின்னர்த் துணியை மட்கார்டு மேல் போட்டுவிட்டு டீ குடிக்கப் போனேன். வந்து பார்த்தால் அடிப் பெயிண்ட் பாலாடை போலச் சுருங்கிக் கிடந்தது. ஆகவே ஊற வைக்காதீர்கள். உள்ளங்கை அளவு இடம், இரண்டு மூன்று துடைப்பு, உடனே உலர்ந்த துணி. துணியை அடிக்கடி மாற்றுங்கள். அழுக்குத் துணி கரைத்த நீலத்தையே திரும்பப் பூசும். நீலம் மெல்லிய படலமாக ஆனதும் தின்னரை விட்டுவிட்டு, மிச்சத்தை ரப்பிங் காம்பவுண்டு என்ற பாலிஷ் பசை போட்டுத் தேய்த்து எடுங்கள்.

தின்னர் பட்டதும் நீலம் கொப்பளித்துச் சுருங்கினால் அது சிந்தெடிக் எனாமல். அதைக் கரைக்கப் பார்க்காதீர்கள், உரியுங்கள். ஹேர் டிரையரால் இளஞ்சூடு காட்டி, பழைய ஏ.டி.எம். கார்டின் ஓரத்தால் நெம்பினால் செதில் செதிலாக வரும். உப்புத்தாள் போட்டுத் தேய்க்காமல் அப்படியே அடித்துவிட்டுப் போன சோம்பேறிப் பெயிண்டர் உங்களுக்கு உபகாரம் செய்திருக்கிறார். நன்றாகத் தேய்த்து அடித்திருந்தால் பச்சையில் கீறல் இருக்கும், அதை ஏற்றுக்கொள்ள வேண்டியதுதான்.

தின்னருக்கு எதுவுமே ஆகவில்லையா? அது இரண்டு டப்பா கலந்து அடிக்கும் பி.யு. (பாலியூரித்தேன்) பெயிண்டாக இருக்கும். தண்ணீரோடு 1000, பிறகு 1500, முடிவில் 2000 நம்பர் வாட்டர் பேப்பர்தான் வழி. பொறுமை இல்லாதவர்கள் இதில் இறங்க வேண்டாம். வழியும் தண்ணீரைக் கவனியுங்கள்: நீலமாக ஓடும் பால் லேசாகப் பச்சை தட்டினால், அந்த இடத்தில் கை நிற்க வேண்டும். விளிம்புகளில் பெயிண்ட் மெல்லிசு. டேப் ஒட்டி வைத்து கடைசியில் விரலால் செய்யுங்கள்.

ரிமூவருக்கு மேல் எது, அடி எது என்று தெரியாது. தகரம் வரை தின்றுவிடும். காஸ்டிக் சோடாவும் வேண்டாம், அலுமினியத்தை அரிக்கும். உங்கள் பெயிண்டர் கெட்டிக்காரராகவே இருக்கட்டும், தகரம் தெரியும் இடங்களை டச்சப் செய்ய மட்டும் அவரைக் கூப்பிடுங்கள்.

பெட்ரோல் டேங்கைக் கழற்றிய பிறகே வேலையைத் தொடங்குங்கள். தின்னர் ஆவி கனமானது, தரையோடு பரவி நிற்கும். வளவுக்குள் (வீட்டு உள்முற்றத்தில்), அதுவும் விளக்கு வைக்கும் நேரத்தில், கூடவே கூடாது.

கேள்வி: ஆர்.சி. புக்கில் பச்சை, வண்டி நீலம். சிக்கல் வருமா? விண்டேஜ் பதிவு செய்துகொள்ளலாமா?
- அதே வாசகர்

பதில்: நீலத்தோடு ஓட்டினால்தான் சிக்கல். பச்சை வெளியே வந்துவிட்டால் வண்டி புக்கோடு ஒத்துப்போகும். வாங்கும் முன் சேஸிஸ் நம்பர், இன்ஜின் நம்பர் இரண்டையும் புக்கோடு ஒப்பிடுங்கள். பட்டிக்கு அடியில் நம்பர் மறைந்திருந்தால் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். விண்டேஜ் பதிவுக்கு 2021இல் வந்த விதி, முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டி, பாடியிலும் இன்ஜினிலும் பெரிய மாற்றம் இல்லாத வண்டிகளுக்கானது. பதிவு 10 வருடம் செல்லும். ஆனால் கண்காட்சி, ராலி மாதிரி காரியங்களுக்குத்தான் சாலையில் எடுக்கலாம். தினமும் கடைத்தெருவுக்குப் போய்வர நினைத்தால், பழைய நம்பரிலேயே ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பித்து ஓட்டுங்கள்.