கிளவுஸ் போட்டால் கை கழுவ வேண்டாமா? ஓட்டல்காரர்களின் கேள்விகளுக்குப் பதில்

கிருஷ்ணகிரி பைபாஸில் ஓட்டல் வைத்திருக்கிறேன். பரோட்டா போடும் பையன்களுக்கு கிளவுஸ் வாங்கிக் கொடுத்துவிட்டேன். இனி கை கழுவாவிட்டால் பரவாயில்லையா?

கழுவித்தான் ஆக வேண்டும். வெறுங்கையில் பிசுக்கு ஒட்டினால் உடனே தெரியும், கிளவுஸில் தெரியாது. அதே கிளவுஸோடு சில்லறை வாங்கி, செல்போனைத் தொட்டு, பரோட்டாவையும் பிய்ப்பார்கள். கல்லாவுக்கு ஒருவர், கல்லுக்கு ஒருவர் என்று பிரித்துவிடுங்கள். பச்சைக்கறி தொட்டாலும் கழிப்பறை போய்வந்தாலும் சோப்பு போட்டு 20 நொடி கழுவ வேண்டும். சமையலறைக்குள்ளேயே குழாயும் சோப்பும் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பல கடைகளில் பையன்களுக்கு விஷயம் தெரியும், கழுவத்தான் இடம் இருக்காது.

மதியம் மீந்த சோற்றில் இரவு ஃப்ரைட் ரைஸ் போடுகிறோம். பெரிய தீயில்தானே வறுக்கிறோம், கிருமி செத்துவிடாதா? (தருமபுரி)

கிருமி சாகலாம், அது கக்கிய நஞ்சு போகாது. பாசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் அரிசியிலேயே இருக்கும். சோறு கொதித்தாலும் அவை பிழைத்துக்கொள்ளும். சோறு அண்டாவில் வெதுவெதுப்பாகக் கிடக்கும் நேரத்தில் முளைத்துப் பெருகும். வாந்தி வரவைக்கும் அதன் நஞ்சை வாணலிச் சூடு அழிக்காது. நூல் விடவில்லை, வாடை இல்லை என்பதை நம்பிப் பரிமாறாதீர்கள்.

5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடையில் சோறு நிற்கும் நேரத்தைக் குறைப்பது ஒன்றுதான் வழி. ஃப்ரைட் ரைஸுக்கென்று தனியாக வடித்து, அகலத் தட்டுகளில் மெல்லிசாகப் பரப்பி ஆறவிட்டு, 2 மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வையுங்கள். அண்டாவோடு உள்ளே வைத்தால் நடுச்சோறு குளிர வெகுநேரம் ஆகும். மதியம் முழுக்க வெளியே இருந்த சோறா? கொட்டிவிடுங்கள்.

ஓசூர் ரோட்டில் சப்ளையர் வேலை. பேதியானாலும் லீவு போட்டால் சம்பளம் பிடிக்கிறார்கள். என்ன செய்வது?

பேதி நின்று 48 மணி நேரம் ஆகும்வரை உணவைத் தொடாமல் இருக்க வேண்டும். இந்தப் பதில் உங்களைவிட உங்கள் முதலாளிக்குத்தான். சம்பளத்தைப் பிடித்தால் ஆள் நோயை மறைத்துக்கொண்டு வேலைக்கு வருவார்; அது இலை இலையாகப் பரவும். அந்த இரண்டு நாள் கூலியைக் கொடுத்து வீட்டில் இருக்கச் சொல்லுங்கள், ஐயா. ஆண்டுக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனை செய்ய வைப்பதும், டைபாய்டு வகைக் காய்ச்சலுக்குத் தடுப்பூசி போட வைப்பதும் சட்டப்படி உங்கள் பொறுப்பு.

ஒகேனக்கல்லில் மீன் வறுக்கிறோம். ஒரே எண்ணெயை எத்தனை நாள் வைத்துக்கொள்ளலாம்?

நாள் கணக்கு பார்க்காதீர்கள். எண்ணெயில் மொத்த போலார் சேர்மங்கள் (திரும்பத் திரும்பக் காய்ச்சும்போது எண்ணெய் சிதைந்து உண்டாகும் பொருட்கள்) 25 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பது 2018 முதல் விதி. கறுத்து, நுரை கட்டி, சீக்கிரமே புகைந்தால் மாற்றிவிடுங்கள். அதன் தலையில் புது எண்ணெய் ஊற்ற வேண்டாம். கழிந்த எண்ணெயை பயோடீசலுக்கு எடுத்துக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் விசாரியுங்கள்.