பழைய லைஃப்பாய் வாசமும் ஐலா விஸ்கியும்

சென்ற இதழில் ஸ்காட்லாந்தின் ஐலா தீவுக்குப் போய்வந்ததைப் பற்றி எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அங்கே வடிக்கும் புகைமணச் சிங்கிள் மால்ட் விஸ்கியைப் பற்றித்தான் (ஒரே ஆலையில், முளைகட்டிய பார்லியிலிருந்து மட்டும் வடித்தால் அது சிங்கிள் மால்ட்). சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி: மகன் என் பிறந்தநாளுக்கு லஃப்ரோய்க் என்ற ஐலா விஸ்கியில் பத்து வருட பாட்டில் வாங்கித் தந்தான். மூடியைத் திறந்ததும் ஒரே ஆஸ்பத்திரி வாசம். கெட்டுப்போய்விட்டதா அம்மா? கடையில் திருப்பிக் கொடுத்துவிடலாமா? (வாசகர், சிங்கப்பூர்)

கொடுத்துவிடாதீர்கள் ஐயா. அது கெடவில்லை. உங்கள் மூக்கும் சரியாகத்தான் சொல்லியிருக்கிறது.

ஐலாவில் மரங்கள் குறைவு. சதுப்பு நிலத்தில் பாசியும் புல்லும் ஹெதர் செடியும் பாதி மக்கி, ஆயிரக்கணக்கான வருடங்கள் அமுங்கிக் கிடந்து கறுப்புக் களிமண் மாதிரி ஆகியிருக்கும். அதற்குப் பெயர் பீட். அதை வெட்டிக் காயவைத்து எரிப்பார்கள். விஸ்கிக்காக முளைகட்டிய பார்லியைச் சூளையில் உலர்த்தும்போது அந்தப் புகையை உள்ளே விடுவார்கள். ஈரமாக இருக்கும் தானியம் புகையைப் பிடித்துக்கொள்ளும்.

அந்தப் புகையில் ஃபீனால், கிரெசால், குவாயகால் என்று பல சேர்மங்கள் உண்டு. ஃபீனாலுக்கு இன்னொரு பெயர் கார்பாலிக் அமிலம். 1865இல் ஜோசஃப் லிஸ்டர், எலும்பு முறிந்த காயத்தில் சீழ் பிடிக்காமல் இருக்க அதைப் பயன்படுத்திப் பார்த்தது நான் வசிக்கும் இதே கிளாஸ்கோவின் ராயல் இன்ஃபர்மரியில்தான். அதன்பிறகு பல வருடங்களுக்கு ஆஸ்பத்திரி என்றாலே கார்பாலிக் வாசம்தான். நம் வீட்டுக் குளியலறையில் இருந்த பழைய சிவப்பு லைஃப்பாய் சோப்பிலும் அதே வாசம். 31 வருடம் மருத்துவமனையில் மருந்தாளராக வேலை பார்த்தவள் சொல்கிறேன்: உங்கள் பாட்டிலில் இருப்பது ஆஸ்பத்திரியை நினைவூட்டும் ஏதோ ஒன்று அல்ல, அதே சேர்மம்தான்.

நானும் முதல் தடவை ஒரு வாய் குடித்துவிட்டுக் கோப்பையை அப்படியே வைத்துவிட்டேன். கூட வேலை பார்த்த தோழி வீட்டில், ஒரு நவம்பர் மாத இரவு. கிளம்பும் நேரத்தில் கோப்பையில் மீதி இருந்ததை மறுபடி முகர்ந்தேன். மருந்து வாசம் பின்னால் போய், தூத்துக்குடியில் எங்கள் தெருமுனையில் படகுக்குத் தார் பூசும் வாசம் வந்தது. உப்புக் காற்று, தார், கொஞ்சம் கருவாடு. ஊரை விட்டு வந்து அப்போது ஆறு வருடம் ஆகியிருந்தது. நின்றபடியே அந்த மீதியைக் குடித்தேன்.

பாட்டிலை மூடி வையுங்கள். ஒரு வாரம் கழித்துத் திறந்து, கோப்பையில் ஊற்றிவிட்டு அரை மணி நேரம் தொடாமல் இருங்கள். அப்புறம் முகர்ந்து பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.

கேள்வி: இதை மருந்தாகக் குடிக்கலாமா? அமெரிக்காவில் மதுவிலக்கு இருந்தபோது மருந்தென்று விற்றார்களாமே. (வாசகர், கோயம்புத்தூர்)

கூடாது. மருந்து வாசம் அடிப்பதால் மருந்தாகிவிடாது. சர்க்கரைக்கோ தூக்கத்துக்கோ வலிப்புக்கோ மாத்திரை எடுப்பவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் எந்த மதுவையும் தொட வேண்டாம். குடிக்காதவர்கள் இந்தப் பத்தியைப் படித்துவிட்டுத் தொடங்கவும் வேண்டாம்.

கேள்வி: பி.பி.எம். எண் கூடக் கூடப் புகையும் கூடும் என்கிறார்கள். அந்த எண்ணைப் பார்த்துத்தான் வாங்க வேண்டுமா? (வாசகர், டொரன்டோ)

வேண்டாம் தம்பி. பத்து லட்சத்தில் எத்தனை பங்கு ஃபீனால் என்று சொல்வதுதான் பி.பி.எம். அந்த எண் பார்லியில் அளந்தது, பாட்டிலில் இருக்கும் விஸ்கியில் அளந்தது இல்லை. அரைத்து, ஊறவைத்து, நொதிக்கவைத்து, இரண்டு தடவை வாலையில் வடிக்கும்போது அதில் பெரும்பங்கு போய்விடும். வடிக்கும்போது முதலில் பழ வாசமும், போகப் போகப் புகை வாசமும் இறங்கும். எந்த நேரத்தில் “போதும்” என்று பிடிப்பதை நிறுத்துகிறார்களோ, அதைப் பொறுத்துத்தான் புகை. அப்புறம் மரப்பீப்பாயில் கிடக்கக் கிடக்கப் புகை அடங்கிக்கொண்டே வரும். அதனால் பத்து வருட விஸ்கியைவிட இருபத்தைந்து வருட விஸ்கி சாந்தமாக இருக்கும்.

இதற்கு நல்ல உதாரணம் லாகவூலினும் கல் ஈலாவும். இரண்டும் ஐலாதான். போர்ட் எலனில் உள்ள ஒரே ஆலையிலிருந்து, ஏறத்தாழ 35 பி.பி.எம். அளவில் புகையூட்டிய பார்லி இரண்டுக்கும் போகிறது. லாகவூலின் கனமாக, கருப்பட்டிப் பாகு மாதிரி நாக்கில் உட்காரும். கல் ஈலா எலுமிச்சைத் தோல், சாம்பல், கடல் என்று மெலிதாக ஓடும். வாலையும் அதை ஓட்டும் விதமும் வேறு, அவ்வளவுதான். ஆக்டோமோர் என்று 100 பி.பி.எம்.முக்கு மேலே ஒன்று இருக்கிறது. நல்ல விஸ்கிதான், ஆனால் லாகவூலினைப் போல மூன்று மடங்கு புகையாக எனக்குப் படவில்லை.

கேள்வி: ஐஸ் போடலாமா, சோடா ஊற்றலாமா? பாட்டிலில் எழுதியிருக்கும் எந்த வாசமும் எனக்குத் தெரியவில்லையே! (வாசகர், துபாய்)

இந்தக் கேள்விக்காகத்தான் இந்த மாதப் பத்தியையே எழுத உட்கார்ந்தேன்.

ஐஸ் போட்டால் வாசம் அடங்கிவிடும், புகை மட்டும் கசப்பாக நிற்கும். வாய் குறுகிய கோப்பை நல்லது. 25 மில்லிக்கு மேல் ஊற்றாதீர்கள். மூக்கை உள்ளே விடாமல், கோப்பையைத் தாடைக்குப் பக்கத்தில் வைத்து வாயைக் கொஞ்சம் திறந்தபடி மூச்சு இழுங்கள். முதல் வாய் நாக்குக்குப் பழக்கம் காட்டத்தான். அதில் காரம் தவிர ஒன்றும் தெரியாது. இரண்டாவது வாய்க்கு முன்னால் நான்கைந்து சொட்டுத் தண்ணீர் விடுங்கள். தண்ணீர் விட்டால் ஏன் மணக்கிறது என்று 2017இல் சுவீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழகத்தில் கணினி வழியாக ஆராய்ந்தார்கள். சாராயம் செறிவாக இருக்கும்போது குவாயகால் அதற்குள்ளேயே ஒளிந்திருக்கிறது, தண்ணீர் சேரச் சேர மேல்பரப்புக்கு வருகிறது என்று கண்டார்கள்.

சரி, வாசம் தெரியவில்லை என்கிறீர்கள். பாட்டிலில் எழுதியிருப்பவை ஸ்காட்லாந்துக்காரர்களின் சமையலறை வாசங்கள். புகைபோட்ட கிப்பர் மீன், ஹெதர் தேன் எல்லாம் அவர்கள் சின்ன வயதில் சாப்பிட்டவை. நீங்கள் ஏன் அவற்றைத் தேட வேண்டும்? கத்தரிக்காயை நெருப்பில் சுட்டுத் தோல் உரிக்கும்போது வரும் வாசத்தைத் தேடுங்கள். சாம்பிராணி, அணைந்த கற்பூரம், சுட்ட அப்பளத்தின் கருகிய ஓரம், ஈர விறகு, டிங்சர் அயோடின் தேடுங்கள். ஆர்ட்பெக் என்ற ஐலா விஸ்கியில் எனக்கு முதலில் வருவது, மழையில் நனைந்து அணைந்துபோன சொக்கப்பனை. ஒரு நோட்டில் தமிழிலேயே எழுதி வையுங்கள். மூன்று மாதத்தில் நிறைய வரும்.

தொட்டுக்கொள்ள உடன்குடிக் கருப்பட்டி, சுண்டு விரல் நகமளவு. லாகவூலினுக்கு அதைவிடப் பொருத்தமானதை நான் கண்டதில்லை. ஐலாவில் சிப்பியின் மேலேயே போமோர் விஸ்கியைச் சில சொட்டு விட்டுத் தருவார்கள், அதுவும் அருமை. மிளகாய்த்தூள் போட்டு வறுத்த எதுவும் வேண்டாம், நாக்கு மரத்துவிடும்.

கேள்வி: விருந்தில் நான் புகை விஸ்கி கேட்டதும், “அது ஆண்கள் குடிப்பது, உங்களுக்கு ஒயின் தருகிறேன்” என்றார் கணவரின் நண்பர். என்ன சொல்லியிருக்க வேண்டும் அக்கா? (வாசகி, லண்டன்)

பெஸ்ஸி வில்லியம்சன் என்ற பெயரைச் சொல்லியிருக்கலாம். கிளாஸ்கோவில் பிறந்து, இங்கேயே பல்கலைக்கழகத்தில் படித்தவர். 1934இல் லஃப்ரோய்க் ஆலைக்குச் சில மாத எழுத்தர் வேலைக்காகத்தான் போனார். உரிமையாளர் இயன் ஹண்டர் உடல்நலம் குன்றியதும் நிர்வாகத்தைப் பார்த்துக்கொண்டார். போர்க்காலத்தில் ஆலையைக் காப்பாற்றினார். 1954இல் ஹண்டர் இறந்தபோது ஆலை பெஸ்ஸியின் பெயருக்கு வந்தது. இன்று உலகம் முழுக்க ஆண்கள் பெருமையாகக் கையில் பிடித்திருக்கும் அந்தப் பச்சை பாட்டில் பிழைத்து வந்ததில் அவர் உழைப்பு பெரியது. அடுத்த விருந்தில் மறுபடி கேளுங்கள் தங்கை. உங்களுக்குப் பிடித்ததை விட்டுக்கொடுக்காதீர்கள்.

கேள்வி: இந்தியாவில் இப்படி ஏதும் இருக்கிறதா? (வாசகர், சென்னை)

இருக்கிறது. பெங்களூரின் அம்ருத், கோவாவின் பால் ஜான் இரண்டிலும் பீட் வகை உண்டு. அம்ருத் பீட்டட் செய்வதற்கான புகையூட்டிய பார்லி ஸ்காட்லாந்திலிருந்துதான் போகிறது. நம் ஊர் வெயிலில் பீப்பாயிலிருந்து வருடத்துக்குப் பத்து சதவீதத்துக்கு மேல் ஆவியாகிவிடும்; இங்கே ஏறத்தாழ இரண்டுதான். அதனால் அங்கே சில வருடங்களிலேயே பீப்பாயின் மர வாசம் நன்றாக ஏறிவிடுகிறது. அம்ருத் தன் முதல் சிங்கிள் மால்டை 2004இல் வெளியிட்டது கிளாஸ்கோவில். அந்த வருடமே ஒரு பாட்டில் வாங்கினேன். காலி பாட்டிலை இன்னும் எறியவில்லை, சமையலறை ஜன்னலில் மணிபிளான்ட் வைத்திருக்கிறேன்.