தொப்புள்கொடி இரத்தம் பிறகு, முதலில் மூத்தவனின் இமையை இழுத்துப் பாருங்கள்

கேள்வி: எனக்கு இப்போது 33 வாரம். ரொறன்ரோவில் இருக்கும் அண்ணா, பிள்ளையின் தொப்புள்கொடி இரத்தத்தைத் தனியார் வங்கியில் சேமிக்கச் சொல்கிறார். பாதிக் காசு அவர் தருவாராம், மீதிக்கு என் தாலிக்கொடியை அடகு வைக்கலாமா என்று யோசிக்கிறோம். பெரியம்மாவின் பேரப்பிள்ளை இரத்தப் புற்றுநோய் வந்து மகரகம புற்றுநோய் ஆஸ்பத்திரியில் இறந்தது. நாளைக்கு என் பிள்ளைக்கும் ஏதாவது வந்தால், மருந்தைக் குப்பையில் எறிந்த தாய் என்று ஆகிவிடுவேனோ? ஸ்கானில் கொடி கழுத்தைச் சுற்றியிருக்கிறது என்கிறார்கள். வயிற்றுக்குள் அடிக்கடி விக்கல் எடுக்கிறது. என் இரத்தமும் 10.2 தான், தாளைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன். மூத்தவனுக்கு ஒரு வயதும் எட்டு மாதமும், அவனும் வெளிறிப்போய்த்தான் இருக்கிறான், இரத்தம் ஒன்றும் சோதிக்கவில்லை, ஆறு மாதமாகப் பார்மசியில் வாங்கி இரும்பு ரொனிக் கொடுக்கிறோம். நானும் அவரும் சொந்த மச்சான் மச்சாள்.
(கோண்டாவிலிலிருந்து ஒரு தாய்)

பதில்:

தங்கச்சி, தாலிக்கொடியை அடகு வைக்க வேண்டாம். அண்ணாவிடமும் இதற்கென்று காசு வாங்க வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன், ஆனால் உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தி வைத்தது அந்தக் கேள்வி அல்ல. கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, "அவனும் வெளிறிப்போய்த்தான் இருக்கிறான்" என்று, அந்த வரிதான். அதற்கு வருகிறேன்.

கொடி கழுத்தைச் சுற்றியிருப்பது நாலைந்து பிரசவத்தில் ஒன்றில் நாங்கள் காண்கிற விஷயம், தலை வெளியே வந்ததும் மருத்துவமாது விரலால் தூக்கிக் கழற்றிவிடுவார், அவ்வளவுதான். விக்கல் எடுப்பது இயல்பு. பிள்ளையின் துடிப்பு வழக்கத்தைவிடக் குறைந்தால் மட்டும், விடியட்டும் என்று இருக்காமல் அந்த நேரமே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இந்த இரண்டையும் பற்றி யூரியூப்பில் தேடுவதை இன்றோடு விட்டுவிடுங்கள், அங்கே பயத்தைத் தவிர வேறொன்றும் கிடைக்காது.

சரி, எறிந்த தாய் என்ற அந்தப் பயம். பெரியம்மா வீட்டில் நடந்ததைக் கண்ணால் பார்த்த உங்களுக்கு இது வராமல் இருந்தால்தான் புதினம். ஆனால் ஒன்றைத் தெளிவாக விளங்கிக்கொள்ளுங்கள். கொடி இரத்தத்தைச் சேமிப்பது, அதில் புது இரத்தம் உண்டாக்கும் கலங்கள் இருப்பதால்தான். ஒரு குழந்தைக்கு இரத்தப் புற்றுநோய் வந்தால் அதே குழந்தையின் தொப்புள்கொடி இரத்தத்தைத் திருப்பி ஏற்றி மருத்துவம் பார்ப்பதில்லை. குழந்தைகளுக்கு வரும் இரத்தப் புற்றுநோய் சிலவற்றில், பின்னாளில் நோயாக மாறுகிற அந்தப் பிழைபட்ட கலங்கள் பிறக்கும்போதே கொடி இரத்தத்தில் இருக்கின்றன. அதைச் சேமித்து வைத்தால் நோயின் விதையையும் சேர்த்துத்தான் சேமிக்கிறோம். மற்றது, இன்னொருவரின் கலங்களை ஏற்றும்போது அவை நோயாளியின் உடம்பில் மிஞ்சியிருக்கும் புற்றுக் கலங்களை அந்நியமாகக் கண்டு அழிக்கும், தன்னுடைய கலங்கள் அந்த வேலையைச் செய்யா. ஆகவே பெரியம்மாவின் பேரப்பிள்ளையின் கொடி இரத்தத்தை வங்கியில் வைத்திருந்தாலும் அதை ஏற்றி அந்தப் பிள்ளையைக் காப்பாற்றியிருக்க முடியாது. பெரியம்மாவின் மகளுக்கும் இதைச் சொல்லுங்கள். அவவும் இதே யோசனையில் மனம் வெந்துகொண்டிருக்கலாம்.

தலசீமியா போலப் பரம்பரையாக வரும் இரத்த நோய்களிலும் இதே கதைதான். பிழை மரபணுவில் இருந்தால் கொடி இரத்தத்திலும் அதே பிழை இருக்கும். 80 நோய் தீரும் என்று இந்தத் தனியார் வங்கிகளின் விளம்பரத் தாளில் அச்சடித்திருக்கிறார்கள் அல்லவா, அந்தப் பட்டியலில் பெரும்பாலானவற்றுக்கு வேண்டியது வேறொருவரின் கொடி இரத்தம், பிள்ளையின் சொந்த இரத்தம் அல்ல. அதைச் சொல்லாமல் விட்டுவிட்டுக் கர்ப்பிணிப் பெண்ணிடம் கையெழுத்து வாங்குவது எனக்குப் பொறுக்காத விஷயம். ஓட்டிசம், நீரிழிவு என்று நீட்டுவதற்கெல்லாம் இது இன்றைக்கு நிரூபணமான மருந்து இல்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2017இலும், அங்குள்ள மகப்பேற்று மருத்துவர் கல்லூரி 2019இலும், பின்னாளில் வரக்கூடிய நோய்க்குக் காப்புறுதி போல இதைத் தனியாரிடம் சேமிக்க வேண்டாம் என்றுதான் சொல்லியிருக்கின்றன. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நிலைப்பாடும் அதுவே. அண்ணா உங்கள்மேல் உள்ள அன்பில் சொல்கிறார், அவர்மேல் கோபம் வேண்டாம், இந்தப் பதிலை அப்படியே வட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள்.

பொது வங்கி என்பது வேறு. அங்கே தாய் காசு கட்டுவதில்லை, இரத்ததானம் போல யாரோ ஒரு நோயாளிக்காகக் கொடுக்கிறார். நியூயோர்க் இரத்த நிலையத்தில் 1992இல் இப்படி ஒன்று முதன்முதலாகத் தொடங்கியது. இரத்தம் உண்டாக்கும் கலங்கள் எலும்புக்குள் இருக்கும் மச்சையிலும் உண்டு, ஆனால் எலும்பு மச்சை கொடுப்பவருக்கும் பெறுபவருக்கும் திசுப் பொருத்தம் ஏறக்குறைய முழுதாக இருக்க வேண்டும், கொடி இரத்தத்தின் கலங்கள் இளசு என்பதால் பார்க்கிற ஆறு திசு அடையாளங்களில் நாலு பொருந்தினாலும் ஏற்ற முடிகிறது, ஊர்பேர் தெரியாத ஒருவருக்கு அது உயிர் கொடுக்கும். பொது வங்கிக்குக் கொடுக்க வசதி இருக்கிற இடத்தில் ஒரு தாய் என்னைக் கேட்டால் மறுபேச்சில்லாமல் கொடுங்கள் என்பேன். ஆனால் அங்கேயும் எல்லாப் பையையும் வைத்துக்கொள்ள மாட்டார்கள். பெறுபவரின் உடல் எடையில் கிலோ ஒன்றுக்கு ஏறக்குறைய 2.5 கோடி கலங்களாவது வேண்டும், ஒரு கொடியிலிருந்து பொதுவாகக் கிடைப்பது 50 முதல் 100 மில்லிலீற்றர். அளவு குறைந்த பையை ஒதுக்கிவிடுவார்கள். தனியார் வங்கியில் பை சின்னதாக இருந்தாலும் உங்கள் தவணைக்காசு வருடா வருடம் போய்க்கொண்டே இருக்கும்.

குப்பையில் எறிவதாகச் சொன்னீர்கள். பிரசவ அறையில் நடப்பதைச் சொல்கிறேன். பிள்ளை வந்து உங்கள் வயிற்றின்மேல் கிடக்கும், கொடி இன்னும் நச்சுக்கொடியோடு பிணைந்துதான் இருக்கும், நீலமும் வெள்ளையுமாக முறுக்கிய கயிறு போல, விரல் வைத்தால் துடிக்கும். அந்தத் துடிப்பு பிள்ளையின் இதயத் துடிப்பு, அந்த நேரத்தில் பிள்ளையின் இரத்தம் நச்சுக்கொடியிலிருந்து பிள்ளைக்குத் திரும்பிப் போய்க்கொண்டிருக்கும். முதல் ஒரு நிமிடத்திலேயே 80 மில்லிலீற்றர் அளவு போய்விடும். மெல்ல மெல்லத் துடிப்பு அடங்கி, கொடி வெளிறித் துவண்டு போகும், பிறகுதான் கட்டி வெட்டுவது. ஒரு நிமிடத்துக்கு முன் வெட்டாதீர்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை, ஏனென்றால் அந்த இரத்தத்தில் உள்ள இரும்புதான் பிள்ளையை முதல் சில மாதங்களுக்கு இரத்தச்சோகை வராமல் காப்பது. பைக்குள் நிறையச் சேர வேண்டும் என்று அவசரப்பட்டு வெட்டினால் அது பிள்ளையின் பங்கிலிருந்து எடுப்பது. பிரசவத்துக்குப் போகும்போது, பொறுத்து வெட்டுங்கள் என்று வாய் திறந்து கேளுங்கள். நீங்கள் எதையும் எறியவில்லை தங்கச்சி, உரியவருக்கே கொடுக்கிறீர்கள்.

இனி மூத்தவன்.

உலகத்தில் முதன்முதலாகத் தொப்புள்கொடி இரத்தம் ஏற்றிய சிகிச்சை 1988இல் பாரிஸில் சென் லூயி ஆஸ்பத்திரியில் மருத்துவர் எலியான் குளுக்மனின் கையால் நடந்தது. ஃபன்கோனி இரத்தச்சோகை என்ற பரம்பரை நோய் உள்ள ஐந்து வயது அமெரிக்கப் பையன், ஏற்றியது அவனுக்குப் பிறந்த தங்கையின் கொடி இரத்தம். அந்தத் தங்கை வயிற்றில் இருக்கும்போதே அவளுக்கு நோய் இல்லை, திசுவும் அண்ணனோடு பொருந்துகிறது என்று பரிசோதித்துத் தெரிந்துகொண்டு, அவள் பிறந்த அன்றைக்கு ஆயத்தமாக நின்று எடுத்து உறைய வைத்தார்கள். இந்தச் சம்பவத்தை வைத்துத்தான் விளம்பரக்காரர்கள் எல்லாரும் வியாபாரம் செய்கிறார்கள், ஆனால் அதில் உள்ள முக்கியமான செய்தியை விட்டுவிடுகிறார்கள்: வீட்டில் ஒரு பிள்ளைக்கு ஏற்கெனவே நோய் இருந்தது, அது முன்கூட்டியே தெரிந்தும் இருந்தது. வீட்டில் ஒருவருக்கு இப்படியான நோய் இருக்கிறது என்றால் கொடி இரத்தத்தை எடுத்து வைக்கச் சொல்லி நானே வற்புறுத்துவேன்.

அதனால்தான் உங்கள் தாளை இரண்டு தரம் பார்த்தேன். ஹீமோகுளோபின் 10.2, கர்ப்பத்தில் அது ஒன்றும் பெரிய குறைவு இல்லை. ஆனால் அதற்குக் கீழே எம்.சி.வி. 64 என்று இருக்கிறது, அதாவது உங்கள் சிவப்பணுக்கள் வழக்கத்தைவிட மிகச் சின்னவை. அவற்றின் எண்ணிக்கையோ 5.2, கர்ப்பிணிக்கு அது அதிகம். இரும்புச்சத்து மட்டும் குறைந்தால் பொதுவாக எண்ணிக்கையும் சேர்ந்து குறையும். அணு சின்னது, எண்ணிக்கை மட்டும் கூட என்றால் நான் முதலில் நினைப்பது தலசீமியாச் சுவட்டை, நோயை அல்ல. சுவடு என்றால் தாய் தகப்பன் இருவரில் ஒருவரிடமிருந்து மட்டும் பிழையான மரபணு வந்திருப்பது. சுவடு மட்டும் உள்ளவர் ஆயுசு முழுக்க நன்றாக இருப்பார், தனக்கு இருப்பதே தெரியாது. ஆனால் உங்கள் கணவர் சொந்த மச்சான். ஒரே பாட்டா பாட்டியிடமிருந்து அதே சுவடு அவருக்கும் வந்திருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு நோயாகவே வர வாய்ப்பு உண்டு. அது குருணாகல், அநுராதபுரம் பக்கத்து நோய், எங்கள் பக்கம் இல்லை என்று சொல்லிக்கொள்கிறோம். மரபணுவுக்கு ஆனையிறவில் சோதனைச்சாவடி இல்லை.

மூத்தவன் பிறக்கும்போது கொழுகொழு என்று இருந்திருப்பான், அது எதையும் காட்டாது. பிறந்த பிள்ளையின் இரத்தத்தில் இருப்பது பெரும்பாலும் கருவில் இருந்த ஹீமோகுளோபின், இந்த நோய் அதைத் தொடுவதில்லை. ஆறு மாதத்துக்குப் பிறகு மெல்ல மெல்லத்தான் வெளிறும். நாளைக் காலை அவனை முற்றத்து வெளிச்சத்துக்குக் கொண்டுவாருங்கள், ரியூப்லைட் வெளிச்சம் ஏமாற்றும். கீழ் இமையை விரலால் மெதுவாக இழுத்துப் பாருங்கள், உள்பக்கம் சிவந்த கொய்யாப்பழத்தின் சதை போல இருக்க வேண்டும். அவனுடைய உள்ளங்கையை உங்களுடையதோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பிறகு மடியில் படுக்க வைத்து, அழாமல் இருக்கும் நேரமாகப் பார்த்து, இடது விலாவுக்குக் கீழே நாலு விரலையும் தட்டையாக வைத்து மெல்ல அழுத்துங்கள். மெத்தென்று இருக்க வேண்டிய இடத்தில் கெட்டியான ஒரு விளிம்பு தட்டுப்பட்டால் அது வீங்கிய மண்ணீரலாக இருக்கலாம். பூச்சி வயிறு என்று அக்கம்பக்கத்தில் சொல்வார்கள், கேட்காதீர்கள். வெண்விழி மஞ்சளடித்தால், பால் குடிக்கவே களைத்தால், மூச்சு வாங்கினால், கிளினிக் நாள் வரும் வரை பார்க்காமல் அன்றே கொண்டு போங்கள். இதில் எதுவும் தட்டுப்படவில்லை என்றாலும் சோதனை வேண்டும், உங்கள் விரல் என்ன சொன்னாலும் சரி.

இந்த வயதில் வெளிறுகிற பிள்ளைகளில் அதிகம் பேருக்கு வெறும் இரும்புச்சத்துக் குறைவுதான், நாள் முழுக்கப் பசுப்பால் குடித்துச் சோறு தின்னாத பிள்ளைகள். அவனும் அவர்களில் ஒருவனாக இருந்தால் எனக்குச் சந்தோஷம். ஆனால் சரியான அளவில் இரும்பு கொடுத்தால் ஒரு மாதத்திலேயே ஹீமோகுளோபின் ஏற வேண்டும். ஆறு மாதம் கொடுத்தும் ஏறவில்லை என்றால் மருந்தைக் கூட்டுவது அல்ல, இது இரும்புக் குறைவுதானா என்று கேட்க வேண்டும். யாரும் கேட்கவில்லை, ஒரு சொட்டு இரத்தம் சோதிக்கவில்லை, பார்மசியில் போத்தலுக்கு மேல் போத்தல் கொடுத்திருக்கிறார்கள். இதுதான் எனக்குக் கோபம். தலசீமியா உள்ள உடம்பில் இரும்பு ஏற்கெனவே தேங்கும், ஈரலிலும் இதயத்திலும் போய்ப் படியும், அதற்கு மேல் நாம் ஊற்றினால் என்ன ஆகும்? இன்றோடு ரொனிக்கை நிறுத்துங்கள். உங்களுக்குக் கிளினிக்கில் தந்த குளிசையைப் பொறுத்தவரை, அதைத் தந்தவர்களிடமே இந்தத் தாளைக் காட்டிக் கேட்டு நடவுங்கள், நீங்களாக நிறுத்த வேண்டாம்.

திங்கட்கிழமையே போதனா வைத்தியசாலைக்குப் போய்க் குழந்தை மருத்துவரைப் பாருங்கள். அவனுக்கு முழு இரத்தப் பரிசோதனை, இரத்தப் படலம், உடம்பில் சேர்ந்திருக்கும் இரும்பைக் காட்டும் ஃபெரிற்றின், பிறகு எச்.பி.எல்.சி. என்ற ஹீமோகுளோபின் சோதனை. உங்களுக்கும் கணவருக்கும் அதே எச்.பி.எல்.சி. அவனுக்கு இரத்தம் ஏற்ற வேண்டி வந்தால் அதற்கு முன்பே மாதிரியை எடுத்துவிடச் சொல்லி நினைவுபடுத்துங்கள், ஏற்றிய பிறகு எடுத்தால் கொடுத்தவருடைய இரத்தமும் கலந்து முடிவைக் குழப்பிவிடும். முடிவு வரச் சில நாள் ஆகும், உங்களிடம் இருப்பதோ ஆறேழு வாரம். அதனால்தான் அவசரப்படுத்துகிறேன்.

ஒன்றும் இல்லை என்று வந்தால் கொடி இரத்தத்தை மறந்துவிடுங்கள். அவனுக்கு நோய் என்று வந்தால், அன்றைக்கே உங்கள் பெண்நோயியல் நிபுணரிடம் சொல்லுங்கள், அவரும் இரத்த நோய் நிபுணரும் பேசி இந்தப் பிள்ளையின் கொடி இரத்தத்தை அண்ணனுக்கென்று எடுப்பதா, எங்கே வைப்பது என்று முடிவு செய்யட்டும். அண்ணனோடு திசு முழுதாகப் பொருந்த நாலில் ஒரு வாய்ப்பு, பொருந்தியும் தனக்கு நோய் இல்லாமலும் இருக்கப் பதினாறில் மூன்று. சின்ன வாய்ப்புத்தான், ஆனால் இதற்குப் பயன் உண்டு. அப்படியும் எடுக்க முடியாமல் போனால் உடைந்து போகாதீர்கள், பொருந்துகிற தங்கையோ தம்பியோ கொஞ்சம் வளர்ந்த பிறகு எலும்பு மச்சை கொடுக்கலாம், அந்தக் கதவு மூடாது. அதுவரைக்கும் மாதா மாதம் இரத்தம் ஏற்றி, தேங்கும் இரும்பைக் கரைக்கும் மருந்தும் ஒழுங்காகக் கொடுத்தால் அவன் பள்ளிக்கூடம் போவான், விளையாடுவான்.

போகும்போது உங்கள் கர்ப்பக் கொப்பி, அவனுடைய வளர்ச்சிப் பதிவேடு, எனக்கு அனுப்பிய இந்தத் தாள் மூன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். ரொனிக் போத்தலையும் கையோடு கொண்டு போங்கள், எவ்வளவு கொடுத்தீர்கள் என்று கட்டாயம் கேட்பார்கள். கணவர் வேலை என்று நின்றுவிடாமல் அவரும் வரட்டும், அவருடைய இரத்தமும் வேண்டும்.