தன்வெப்ப ஏற்புத்திறன் கணக்கு: கேள்வி பதில்

கேள்வி: சார், 250 கிராம் இரும்பைக் கொதிநீரில் 100 டிகிரிக்குச் சூடாக்கி, 27 டிகிரியில் இருந்த 200 கிராம் தண்ணீரில் போட்டோம். 35 டிகிரியில் நின்றது. கணக்குப் போட்டால் இரும்பின் தன்வெப்ப ஏற்புத்திறன் (ஒரு கிலோவை ஒரு டிகிரி சூடாக்கத் தேவையான வெப்பம்) 412 ஜூல்/கிலோகிராம் கெல்வின் வருகிறது, புத்தகத்தில் 450. எங்கே தப்பு?

பதில்: தண்ணீரின் தன்வெப்ப ஏற்புத்திறன் 4186, அதனால் தண்ணீர் வாங்கியது 0.2 × 4186 × 8 = 6698 ஜூல். அதை 0.25 × 65 ஆல் வகுத்திருக்கிறீர்கள். தண்ணீர் இருந்த கலோரிமீட்டரும் அதே 8 டிகிரி சூடாகியிருக்குமே, அதை ஏன் விட்டீர்கள்? அது எந்த உலோகம், எவ்வளவு எடை?

கேள்வி: செம்பு, 120 கிராம்.

பதில்: அப்படியானால் செம்புக்கு 385 என்று வைத்து 0.12 × 385 × 8 = 370 ஜூலைச் சேருங்கள். விடை 435 ஆகிவிடும். மிச்சம், கொதிநீரிலிருந்து எடுத்துப் போடுவதற்குள் காற்றில் போயிருக்கலாம். உள்ளே விழும்போது இரும்பு 98 டிகிரியில் இருந்தது என்று வைத்துக்கொண்டால் 449. வெறும் 2 டிகிரிக்கு இவ்வளவு! அதற்காக அவசரப்பட்டு ஈரத்தோடு போட்டுவிடாதீர்கள். 2 கிராம் வெந்நீர் ஒட்டிக்கொண்டு வந்தாலே விடை முப்பதுக்கு மேல் எகிறும். இரண்டு பிழையும் ஒன்றையொன்று ஈடுகட்டி 'சரியான' விடை வருவதும் உண்டு. அந்த 450ஐ நான் நம்பமாட்டேன். இரும்பை உலர்ந்த சோதனைக்குழாயில் வைத்துச் சூடாக்குங்கள், ஈரத் தொல்லையே இருக்காது.

கேள்வி: கெல்வினுக்கு மாற்ற வேண்டாமா?

பதில்: வேண்டாம். தேவை வித்தியாசம்தான், இரண்டிலும் அது ஒன்றே.

கேள்வி: ஹீட்டர் வைத்துச் செய்தால் அலுமினியத்துக்கு எப்போதும் 900க்கு மேலேயே வருகிறதே?

பதில்: வரத்தான் செய்யும். 50 வாட் ஹீட்டர் 5 நிமிடத்தில் 15000 ஜூல் தரும். 1 கிலோ கட்டி அத்தனையையும் வாங்கினால் 16.7 டிகிரி ஏற வேண்டும். 15 தான் ஏறியது என்றால் விடை 1000. காற்றுக்குப் போனதையும் கட்டியின் கணக்கிலேயே எழுதிவிடுகிறோம். கட்டியைச் சுற்றிப் பஞ்சு வையுங்கள். ஸ்விட்சை அணைத்த உடனே தெர்மாமீட்டரைப் படிக்காதீர்கள். இன்னும் கொஞ்சம் ஏறும், அந்த உச்சத்தை எடுங்கள்.

கேள்வி: ஈயத்துக்கு 128, அலுமினியத்துக்கு 900. ஏன் இவ்வளவு வித்தியாசம்?

பதில்: கிலோவுக்குப் பார்ப்பதால். மோலுக்குப் பாருங்கள், அதாவது ஒரே எண்ணிக்கை அணுக்களுக்கு. ஒரு மோல் ஈயம் 0.207 கிலோ, அலுமினியம் 0.027 கிலோ: ஈயம் 0.207 × 128 = 26.5, அலுமினியம் 0.027 × 900 = 24.3. கிட்டத்தட்ட ஒன்றுதான். ஒரு கிலோ ஈயத்தில் அணுக்கள் குறைவு, அவ்வளவுதான். 1819இல் டூலாங், பெட்டிட் என்ற இரு விஞ்ஞானிகள் சொன்ன விதி இது. வைரம் போன்ற சிலவற்றிடம் இந்த விதி செல்லாது. அறை வெப்பநிலையில் வைரத்துக்கு மோலுக்குச் சுமார் 6 தான்.