வலைக் கண்ணும் பிசினும்

கேள்வி: உடைந்த பைபர் படகை எபொக்சிப் பிசின் பூசி ஒட்டினேன். நல்லாய் இறுகட்டும் என்று, பிசினோடு கலந்து அதை இறுக்கும் வன்மையாக்கியைக் கொஞ்சம் கூட ஊற்றினேன். கரைக்கு இழுத்தபோது வெடித்துவிட்டது. ஏன்?
– வாசகர், குருநகர்

பதில்: நானும் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் இதே பிழை விட்டவன்தான். கூட ஊற்றினால் பலம் கூடாது. பிணைய இணை கிடைக்காத வன்மையாக்கி உள்ளே மிஞ்சிப் பிசினைக் கெடுக்கும். சரி, அளவு பிசகாவிட்டாலும் ஒரு சிக்கல் உண்டு. எபொக்சி மூலக்கூறுகள் உங்கள் வலை மாதிரிப் பின்னிக்கொள்பவை. வலைக் கண் நெருங்கினால் விறைப்பு கூடும், ஆனால் அடிபட்டால் இழுபட இடமில்லை. வெடிப்பு நேரே ஓடும். நீண்டு வளையும் பொலியீதர் என்ற மூலக்கூற்றுச் சங்கிலியுள்ள வன்மையாக்கி கண்ணைப் பெரிதாக்கும், விறைப்பையும் குறைக்கும். எனக்குப் பிடித்தது நுண்ணிய ரப்பர் துகள் கலப்பது. துகளைச் சுற்றியுள்ள பிசின் இழுபட்டு, வெடிப்பின் வேகத்தைக் குடித்துவிடும். கடையில் ரப்பர் துகள் கலந்த எபொக்சியைக் கேட்டுப் பாருங்கள். வன்மையாக்கியைத் தராசில் நிறுத்து ஊற்றுங்கள்.