சமுதாயக் கல்லூரியிலிருந்து உயிரிப் பொறியியலுக்கு

கேள்வி: கலிபோர்னியாவில் இரண்டாண்டுச் சமுதாயக் கல்லூரியில் (community college) சேர்ந்திருக்கும் என் மகள், இரண்டு ஆண்டுகளில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் உயிரிப் பொறியியல் பட்டப்படிப்புக்கு மாற விரும்புகிறாள். பாடங்களை எந்த வரிசையில் எடுக்க வேண்டும்?

பதில்: உங்கள் மகள் முதலில் கணக்கிட வேண்டியது பாடங்களின் எண்ணிக்கையை அல்ல, ஒன்றை முடித்தால்தான் அடுத்ததில் சேர முடியும் என்ற சங்கிலியை. கால்குலஸ் முதல் இரு நிலைகள், பன்மாறி கால்குலஸ், நேரியல் இயற்கணிதம், வகைக்கெழுச் சமன்பாடுகள் ஆகியவற்றுக்கே பெரும்பாலும் நான்கு பருவங்கள் பிடிக்கும் என்பதால், முதல் பருவத்திலேயே கால்குலஸைத் தொடங்காதவர்களுக்கு இரண்டு ஆண்டுகள் போதாமல் போகலாம். கால்குலஸ் இல்லாமல் பொறியியல் மாணவர்களுக்கான இயற்பியலில் சேர முடியாது. பொது வேதியியலின் இரு பருவங்களையும் முடிக்காமல் கரிம வேதியியலுக்குள் நுழைய முடியாது. உயிரியலையும் நிரலாக்கத்தையும் இடையில் பொருத்திக்கொள்ளலாம். மொழி, வரலாறு போன்ற பொதுக்கல்விப் பாடங்களை முதலில் முடித்துவிடும்படி பலரும் சொல்வார்கள். பொறியியலுக்கு அது பொருந்தாத அறிவுரை என்பதே என் கருத்து.

எந்தக் கல்லூரிப் பாடம் பல்கலைக்கழகத்தின் எந்த வளாகத்தில் ஏற்கப்படும் என்பதை அசிஸ்ட் இணையதளத்தில் வளாகவாரியாகப் பார்க்கலாம். குறிப்பிட்ட தகுதிகளை நிறைவு செய்யும் சமுதாயக் கல்லூரி மாணவர்களுக்கு இடத்தை உறுதிசெய்யும் திட்டத்தில் (Transfer Admission Guarantee) பெர்க்லி, லாஸ் ஏஞ்சலிஸ், சான் டியாகோ வளாகங்கள் பங்கேற்பதில்லை.