பி.எட். கடனை எந்தச் சம்பளத்தை நம்பி வாங்குவது?

பி.எஸ்சி. கணிதம் முடித்திருக்கிறீர்கள். தனியார் கல்லூரியில் பி.எட். சேர ஒன்றரை லட்சம் கல்விக் கடன் வாங்கினால் ஆசிரியர் சம்பளத்தில் அடைத்துவிட முடியுமா, இல்லை அம்மாவின் நகையை அடகு வைத்துக் கட்டிவிடலாமா என்பது உங்கள் கேள்வி.

எந்த ஆசிரியர் சம்பளம் என்று முதலில் முடிவு செய்யுங்கள். தமிழ்நாட்டில் அரசுப் பள்ளிப் பட்டதாரி ஆசிரியருக்குத் தொடக்க அடிப்படை ஊதியம் 36,400 ரூபாய், முதுகலை ஆசிரியருக்கு 36,900. அகவிலைப்படி சேர்ந்தால் முதல் மாதமே ஐம்பதாயிரத்தைத் தாண்டிவிடும். அதே பி.எட்.டோடு எங்கள் பக்கம் ஒரு மெட்ரிக் பள்ளியில் சேர்ந்தால் பத்திலிருந்து பதினைந்தாயிரம்தான். முதலில் மெட்ரிக் பள்ளி, பிறகு பி.ஜி. டி.ஆர்.பி. (அரசுப் பள்ளி முதுகலை ஆசிரியர் தேர்வு) எழுதி அரசுப் பள்ளி என்று இரண்டு பக்கமும் வேலை பார்த்தவன் என்பதால் சொல்கிறேன்: கடனைத் தனியார் பள்ளிச் சம்பளத்தில் வைத்துக் கணக்குப் போடுங்கள். அரசு வேலை கிடைத்தால் நல்லது, ஆனால் அது எந்த வருடம் கிடைக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. வங்கித் தவணைக்கோ தேதி உண்டு.

இப்போது கணக்கு. வருடத்துக்கு 75,000 வீதம் இரண்டு வருடக் கடன், வட்டி 10.5 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். படிக்கும் காலத்திலும் அதன்பின் ஓராண்டும் தவணை கிடையாது. அதனால் பலர் வட்டியும் கிடையாது என்று நினைத்துக்கொள்கிறார்கள். வட்டி ஓடிக்கொண்டுதான் இருக்கும். தவணை தொடங்கும்போது கடன் ஏறக்குறைய 1,89,000 ஆகியிருக்கும். ஐந்து வருடத்தில் அடைப்பதாக இருந்தால் மாதம் 4,070 ரூபாய். மொத்தமாகக் கட்டி முடிப்பது 2,44,000க்கு மேல்.

பன்னிரண்டாயிரம் சம்பளத்தில் நான்காயிரத்துச் சொச்சம் போனால் மூன்றில் ஒரு பங்கு. மீதி எட்டாயிரத்தில் பஸ், சாப்பாடு, வீட்டுக்குக் கொடுப்பது எல்லாம் வர வேண்டும். இதில் மே மாதச் சம்பளம் தராத பள்ளிகளும் உண்டு. வேலையில் சேரும்போதே ஒரிஜினல் சர்டிபிகேட்டை வாங்கி வைத்துக்கொண்டு, நடுவில் விலகினால் தராமல் இழுத்தடிப்பவர்களும் உண்டு, நான் வேலை பார்த்த பள்ளியிலேயே அது நடந்தது. கணிதம் என்பதால் உங்களுக்கு மாலையில் டியூஷன் வரும்படி இருக்கும், அது பெரிய பலம். வரலாறு படித்த நண்பர்களுக்கு அந்த வாய்ப்பும் இல்லை.

கடனைவிடப் பெரிய செலவு ஒன்று இருக்கிறது, அதை யாரும் எழுதிப் பார்ப்பதில்லை. 2015க்கு முன் பி.எட். ஒரு வருடப் படிப்பு, இப்போது இரண்டு வருடம். அந்த இரண்டு வருடம் வேறு வேலையில் மாதம் பன்னிரண்டாயிரம் சம்பாதித்திருந்தால் 2,88,000. கடனோடு இதையும் சேர்த்தால் உங்கள் பி.எட்.டின் விலை ஐந்து லட்சத்தைத் தாண்டிவிடுகிறது.

அரசு வேலைக்கான பாதையையும் பார்த்துவிடுங்கள். பி.எட். முடித்ததும் டெட் எனும் ஆசிரியர் தகுதித் தேர்வின் இரண்டாம் தாள், 150க்கு 90 எடுக்க வேண்டும் (இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்குச் சலுகை உண்டு). 2012இல் முதல் டெட் நடந்தபோது எழுதியவர்களில் ஒரு சதவீதம்கூடத் தேறவில்லை. தேறினால் அந்தச் சான்றிதழ் இப்போது ஆயுள் முழுக்கச் செல்லும், சரி. ஆனால் 2018இல் வந்த அரசாணை 149இன்படி டெட் தேறியவர்கள் பணி நியமனத்துக்கு இன்னொரு போட்டித் தேர்வும் எழுத வேண்டும். 2013இல் டெட் தேறியவர்கள் பத்து வருடம் கழித்தும் வேலை கேட்டுப் போராடியதைச் செய்திகளில் பார்த்திருப்பீர்கள். கையில் சான்றிதழ், தலையில் நரை. அப்புறம், 2023இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தபின் ஐந்தாம் வகுப்பு வரை பாடம் நடத்த பி.எட். தகுதியாகாது. உங்கள் களம் ஆறாம் வகுப்பிலிருந்துதான்.

இதையெல்லாம் படித்துவிட்டு வேண்டாம் என்று முடிவெடுக்காதீர்கள். கணிதத்தில் விருப்பம் இருந்தால் பி.எட். நல்ல படிப்புதான், ஒன்றரை லட்சம் கொடுத்துப் படிக்க வேண்டுமா என்பதுதான் கேள்வி. சைதாப்பேட்டை, லேடி வெலிங்டன், புதுக்கோட்டை, குமாரபாளையம், ஒரத்தநாடு, வேலூர், கோயம்புத்தூர் என்று ஏழு அரசுக் கல்வியியல் கல்லூரிகள் இருக்கின்றன, இவை தவிர உதவி பெறும் கல்லூரிகள். கவுன்சலிங்கில் இடம் கிடைத்தால் கட்டணம் சில ஆயிரத்தோடு முடிந்துவிடும், கடனே தேவைப்படாது. டிகிரி மதிப்பெண் நன்றாக இருந்தால் இந்த வருடம் விண்ணப்பித்துப் பாருங்கள், கிடைக்காவிட்டால் ஒரு வருடம் வேலைக்குப் போய்ப் பணம் சேர்த்துக்கொண்டு மறுபடி முயலுங்கள். வராமலே படிக்கலாம், வருகைப் பதிவை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று ஆசை காட்டும் கல்லூரிகளுக்குப் பணம் கட்டவே கட்டாதீர்கள். வகுப்புக்குப் போகாமல் படித்ததன் பலன் நாற்பது பிள்ளைகள் முன்னால் முதல் நாள் நிற்கும்போது தெரியும்.

பி.எட். முடித்து வேலையில் இருந்துகொண்டே அஞ்சல்வழியில் எம்.எஸ்சி. முடியுங்கள். பி.ஜி. டி.ஆர்.பி.க்கு டெட் கேட்பதில்லை, 2025இலும் கேட்கவில்லை. எனக்கு வழி திறந்தது அப்படித்தான். கேந்திரிய வித்யாலயாவையும் விட்டுவிடாதீர்கள், அங்கே டி.ஜி.டி. எனும் பட்டதாரி ஆசிரியருக்குத் தொடக்க ஊதியம் 44,900, அதற்கு சி-டெட் (மத்திய ஆசிரியர் தகுதித் தேர்வு) எழுத வேண்டும்.

தனியார் கல்லூரிதான் என்றால், நகையைவிடக் கல்விக் கடன் மேல். நகைக் கடனுக்குத் தவணை விடுப்பு கிடையாது, பெரும்பாலும் ஒரு வருடத்தில் மீட்க வேண்டும், இல்லை வட்டி கட்டித் திருப்பி வைக்க வேண்டும். நீங்களோ இரண்டு வருடம் சம்பளமில்லாமல் இருப்பீர்கள். கல்விக் கடனில் நான்கு லட்சம் வரை முன்பணமோ சொத்து ஈடோ கேட்க மாட்டார்கள். குடும்ப ஆண்டு வருமானம் நான்கரை லட்சத்துக்குள் என்றால் ஒன்றிய அரசின் வட்டி மானியத் திட்டம் இருக்கிறது, தவணை தொடங்கும் வரைக்குமான வட்டியை அது ஏற்றுக்கொள்ளும். ஆனால் கல்லூரிக்கு நாக் (உயர்கல்வி நிறுவனங்களைத் தரம் பார்க்கும் அமைப்பு) தரச்சான்று போன்ற நிபந்தனைகள் உண்டு. நீங்கள் சேரப்போகும் கல்லூரிக்கு இது பொருந்துமா என்று வங்கி மேலாளரிடம் கட்டணம் கட்டுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். பொருந்தினால் மேலே சொன்ன கணக்கில் 39,000 ரூபாய் அப்படியே குறைந்து, மாதத் தவணை 3,200 பக்கம் வந்துவிடும்.